கோடைக் கால்வாயும் முப்பது மில்லிகிராமும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை பத்து மணியளவில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் வந்தார். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரைக் கொண்டுவந்து, குடிக்கலாமா, பருப்பு வேகுமா என்று கேட்பவர்கள். இவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில். அதற்குள் இருந்த தண்ணீர் இரண்டாம் முறை இறக்கிய காப்பி டிகாக்‌ஷனின் நிறத்தில் இருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு படிவு. பாட்டிலைச் சாய்த்தால் அது புகைபோல எழுந்து, பிறகு மெல்ல அமர்ந்தது.

"தம்பி, இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்து ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும்."

"எங்க புடிச்சீங்க அண்ணாச்சி?"

"கால்வாய்லதான். பேப்பர் மில்லுக்குக் கீழ ரெண்டாவது மடை. ராத்திரிதான் தொறந்து விடுதாவ. விடியுமுன்ன எந்திச்சுப் போயிப் புடிச்சேன். மாடு மூஞ்சிய வச்சுட்டுத் திரும்பிருது."

மூடியைத் திறந்ததும் வந்த வாடை எனக்குப் பழகியது. புளித்த கஞ்சியும் ஊறிய அட்டையும் கலந்தது போன்ற வாடை. அந்தப் படிவில் கொஞ்சத்தை எடுத்து விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தேன். மண்ணாக இருந்தால் கரைந்து வழிந்திருக்கும். இது சிறு சிறு இழைகளாகத் திரண்டது. காகித நார். இதை அறிய எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, ஏனென்றால் இந்த மாவட்டத்திலேயே வேறொரு காகித ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எந்த ஆலை என்பதும், அவர் எந்த ஊர்க்காரர் என்பதும் இங்கே வேண்டாம்.

அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீரின் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்பதை ஒரு சடங்கைப் போல வகுத்து வைத்திருக்கிறது. ஆய்வு செய்யப்போகிறோம் என்று ஆலையின் பொறுப்பாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கலங்களுக்கும் முத்திரை வைத்து, எடுத்தவரும் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும், பொறுப்பாளர் கேட்டால் மற்றொன்று வேறோர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குப் போகும். இந்த முறையில் ஒரு படி தவறினால், மாசு கட்டுப்பாட்டு வாரியமே எடுத்த மாதிரியின் முடிவைக்கூட வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. அப்படியிருக்க, விடியுமுன் குளிர்பான பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீரின் கதி என்ன என்று நான் விளக்கி முடித்தபோது அவர் கேட்டார்: "அப்போ நான் புடிச்ச தண்ணி தண்ணி இல்லியா தம்பி?"

தண்ணீர்தான். பரிசோதித்தும் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வந்த முடிவுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதன் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 22 மில்லிகிராம். எங்கள் தொழிலில் எல்லோரும் அதை பி.ஓ.டி. என்றே சொல்வோம், தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு அது. காகித ஆலையின் கழிவுநீர் ஆற்றிலோ கால்வாயிலோ கலக்கும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 30 மில்லிகிராம். மாடு முகம் திருப்பிக்கொண்ட அந்தத் தண்ணீர், ஆலையின் குழாய் வாயிலிலேயே பிடித்திருந்தாலும் தேர்ச்சி பெற்றிருக்கும். அவர் சட்டத்தை மீறும் ஓர் ஆலையைப் பிடித்துவிட்டதாக நினைத்து வந்தார். என் தாளின்படி, மீறாத ஓர் ஆலையைப் பிடித்திருந்தார்.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சொல்ல, ஆலைக்குள் இருந்து தொடங்க வேண்டும்.

நான் வேதியியல் பட்டத்தோடு அந்த ஆலையில் சேர்ந்தபோது அங்கே பழைய அட்டைப்பெட்டிகளிலிருந்தும் கழிவுத்தாளிலிருந்தும் பழுப்புத் தாள் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வைக்கோலை அவித்துக் கூழாக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த அவிகலன் நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் வாய்க்குள்ளிருந்து ஓர் உடைமரம் முளைத்து வளர்ந்திருந்தது. வைக்கோலையோ மரத்தையோ காஸ்டிக் சோடாவில் அவிக்கும்போது, நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்து, தார்போலக் கறுத்த ஒரு நீராக வெளியேறும். பிளாக் லிக்கர் என்று அதைச் சொல்வார்கள். பெரிய ஆலைகள் அதைச் சுண்டக் காய்ச்சிக் கொதிகலனில் எரித்து, நீராவியையும் சோடாவையும் திரும்பப் பெற்றுவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்யுமளவுக்குச் சிறிய ஆலைகளிடம் பணமோ உற்பத்தியோ கிடையாது. ஆகவே நாடெங்கும் சிறு வைக்கோல் ஆலைகளின் கறுப்பு நீர் பெரும்பாலும் பக்கத்து ஓடைக்கே போனது.

2003ஆம் ஆண்டு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம், கடுமையாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு ஒரு பொறுப்புச் சாசனத்தைக் கொண்டுவந்தது. கூழ், காகிதத் தொழில் அவற்றுள் ஒன்று. சிறு ஆலைகளுக்கு அது தந்த வழிகள் சுருக்கமானவை: சோடாவை மீட்கும் ஏற்பாட்டைச் செய், இல்லையேல் கறுப்பு நீரை வெளியே விடாமல் பயன்படுத்து, இல்லையேல் கழிவுத்தாளுக்கு மாறு. பெரும்பாலோர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய ஆலைகளுக்கோ வெளுப்பதற்குக் குளோரின் பயன்படுத்துவதால் உண்டாகும் கரிமக் குளோரின் சேர்மங்களை ஒரு டன் காகிதத்துக்கு முதலில் 1.5 கிலோவாகவும் பிறகு 1 கிலோவாகவும் குறைக்கச் சொன்னது. என் அனுபவத்தில், இந்நாட்டுக் காகிதத் தொழிலை உண்மையிலேயே மாற்றிய விதிகள் இவைதாம். அவிகலனுக்குள் உடைமரம் வளர்ந்ததற்குக் காரணம் ஒரு விதி. அதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் அடுக்குவது நியாயமாகாது.

தமிழ்நாட்டு அரசும் தன் பங்குக்கு 1989ஆம் ஆண்டு ஓர் அரசாணையில், ஆறு, ஓடை, அணை முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசுத் தொழில்களைத் தொடங்கக் கூடாது என்றது. 1998ஆம் ஆண்டு இன்னோர் ஆணை, காவிரி, பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது. தாமிரபரணிக்கு இரண்டு பக்கமும் ஐந்து கிலோமீட்டர் என்றால், பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரை, நாம் "ஆத்துப் பாசனம்" என்று சொல்கிற பூமியில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். ஆனால் அந்த ஆணைகள் புதிதாக வரும் ஆலைகளைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கால்வாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டவற்றுக்கு இசைவாணைதான் கடிவாளம்.

இசைவாணை என்பது அந்த ஆலை எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எவ்வளவு கழிவுநீரை, எந்த வாயில் வழியாக, எந்தத் தரத்தில் விடலாம் என்று வாரியம் எழுதிக் கொடுக்கும் தாள். விண்ணப்பித்து நான்கு மாதத்துக்குள் கொடுக்கவோ மறுக்கவோ இல்லையென்றால், நிபந்தனை எதுவுமின்றிக் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் ஆலையில் அந்தத் தாள் மேலாளர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

அதில் எழுதிய எண்ணுக்குள் தண்ணீரைக் கொண்டுவருவதுதான் எங்கள் பிரிவின் வேலை. காற்றேற்றும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஆபரேட்டர் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். நான் பல்கலைக்கழகத்தில் படித்த நுண்ணுயிரியலைவிட அவருக்கு அந்தத் தொட்டி நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் அளவுக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைப்பார். அரைமணி நேரத்தில் சகதி எந்தக் கோடு வரை அமர்கிறது என்று பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். முதல் மழைக்குப் பிந்திய மண்வாசம் வந்தால் நுண்ணுயிர்கள் நலம். புளித்த வாடை வந்தால் யூரியாவையும் டி.ஏ.பி.யையும் கூட்டச் சொல்வார், ஏனென்றால் காகிதக் கழிவில் மாவுச்சத்து உண்டு, தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடையாது. வெறும் சோறு தின்னும் பிள்ளையைப் போல நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். ஆலையை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது பக்கத்துத் தொழுவத்திலிருந்து சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றுவோம். "வயித்துக்குள்ள இருக்குற பூச்சிதாம்ல இங்கயும் வேலை பாக்குது" என்பார்.

என் வேலை ஆய்வகத்தில். அழுக்கை நுண்ணுயிருக்குப் பதில் வேதிப்பொருளால் தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவான வேதிய ஆக்சிஜன் தேவையைக் காண, தண்ணீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஃபெரஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலப்பச்சையாக இருக்கும் கரைசல் ஒரே சொட்டில் செம்பழுப்பாக மாறும். அந்த ஒரு சொட்டுக்குள்தான் ஆலையின் மானம் இருக்கிறது என்று எங்கள் தலைமை வேதியியலாளர் சொல்வார். பி.ஓ.டி.க்கு அவ்வளவு அவசரம் கிடையாது. நிரப்பிய பாட்டில்களை 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதாவது, திங்கட்கிழமை வெளியே போன தண்ணீர் எப்படிப்பட்டது என்று வியாழக்கிழமைதான் தெரியும். அதற்குள் அது எங்கோ ஒரு வயலில் பாய்ந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பி.ஓ.டி. என்பது மூன்று நாளில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதை மட்டுமே அளக்கிறது. லிக்னினை அவை அவ்வளவு எளிதில் தின்பதில்லை. ஆகவே மாவும் சர்க்கரையும் நீங்கித் தேர்ச்சி பெற்ற தண்ணீரிலும் அந்த டிகாக்‌ஷன் நிறம் அப்படியே இருக்கும். கால்வாய்ப் படித்துறையில் வேட்டி துவைக்கிறவருக்குத் தெரிவது நிறம். எங்கள் அட்டவணையில் இருந்தது பி.ஓ.டி. இருவரும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம், ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஏறவில்லை.

இனிச் சொல்லப்போவது என் கையும் கறைபட்ட செய்தி. பரிசோதனை வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்த நாட்களில் எங்கள் ஆலையில் வெளியேறும் தொட்டிக்குள் நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். அறுபதாக இருப்பதில் அதே அளவு நல்ல தண்ணீரைக் கலந்தால் முப்பது. நான் முப்பது என்று பதிவேட்டில் எழுதினேன். எழுதிய எண் பொய்யில்லை. அந்த நேரத்தில் அந்தக் குழாயில் வந்த தண்ணீர் அப்படித்தான் இருந்தது. இப்படி நடக்கும் என்பது விதி வகுத்தவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. அதனால்தான் சிறு ஆலைகளுக்கான விதியில், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதோடு நிறுத்தாமல், ஒரு டன் காகிதத்துக்கு இத்தனை கன மீட்டர் கழிவுநீர்தான் போகலாம் என்றும் சேர்த்தார்கள்: வைக்கோல் முதலிய வேளாண் பொருளைப் பயன்படுத்தும் பழைய ஆலைக்கு 200, கழிவுத்தாள் ஆலைக்கு 75. அடர்த்தியும் அளவும் சேர்ந்தால்தான் மொத்தப் பாரம் தெரியும். ஆனால் அடர்த்தியை ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்துச் செல்லலாம். அளவைப் பிடிக்க, ஓடும் மீட்டரும் அந்த மீட்டரை நம்பக்கூடிய ஒரு கையும் வேண்டும். எங்கள் ஆலையில் மீட்டர் இருந்தது. அது பெரும்பாலான நாட்களில் "ரிப்பேருக்கு" போயிருந்தது.

2014ஆம் ஆண்டு மத்திய வாரியம் 17 வகைத் தொழில்களும் தொடர்ந்து அளக்கும் இணையவழிக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. அதற்கு முன்பே நான் வெளியேறிவிட்டேன். இன்றும் ஆலைகளில் இருக்கும் நண்பர்கள், அளக்கும் முனையை வாய்க்காலில் வைக்காமல் வாளித் தண்ணீரில் வைக்கும் வித்தைகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. கருவி எதுவாயினும் அதன் முனை எந்தத் தண்ணீரில் நனைகிறது என்று நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

சரி, ஏமாற்று எதுவும் இல்லாத ஆலை என்றே வைத்துக்கொள்வோம். மேசைமேல் இருந்த பாட்டில் அப்படிப்பட்டதாகவே இருக்கலாம். கணக்குக்காக, நாளொன்றுக்கு 100 டன் காகிதம் செய்து, டன்னுக்கு 20 கன மீட்டர் கழிவுநீர் விடும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்கிறேன். அனுமதித்த அளவைவிட மிகவும் சிக்கனமான ஆலை. நாளுக்கு 2,000 கன மீட்டர். லிட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் 60 கிலோ பி.ஓ.டி. பாரம் கால்வாயில் இறங்குகிறது.

புரட்டாசி, ஐப்பசியில் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து, கால்வாயில் விநாடிக்கு 100 கனஅடி ஓடுகிறது என்றால், அது நாளுக்கு ஏறத்தாழ 2,45,000 கன மீட்டர். அந்த 60 கிலோ அதில் கலந்தால் லிட்டருக்குக் கால் மில்லிகிராம்தான் கூடும். யாருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. கார் அறுப்புக்கும் பிசானத்துக்கும் இடையிலும், பிசானம் முடிந்த பங்குனி, சித்திரையிலும் தலைமதகை அடைத்துவிட்டு, கசிவும் ஊற்றுமாக விநாடிக்கு 2 கனஅடி மட்டும் ஓடும்போது, அது நாளுக்கு 4,900 கன மீட்டர். அதே 60 கிலோ அதில் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கூடுகிறது. மனிதர் இறங்கிக் குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு மத்திய வாரியம் வைத்திருக்கும் எல்லை 3 மில்லிகிராம். அதாவது, சட்டத்தை எழுத்து பிசகாமல் கடைப்பிடிக்கும் ஆலை, சித்திரை மாதத்தில் ஒரு கால்வாயைக் குளிக்கத் தகாததாக ஆக்கிவிட முடியும். கசிவும் நின்றுபோனால், கால்வாயில் ஓடுவது முழுக்க ஆலையின் தண்ணீர்தான். அந்த விவசாயியின் பாட்டிலில் 22 இருந்ததற்கு நான் காணும் விளக்கம் இது ஒன்றுதான்.

தாமிரபரணி வற்றாத ஆறு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பொதிகையில் இரண்டு பருவமழையும் வாங்கும் ஆறு என்பதால் அதில் உண்மையும் உண்டு. ஆனால் இங்கே வாழ்க்கை ஆற்றோடு மட்டும் இல்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களோடும் அவை நிரப்பும் குளங்களோடும்தான் ஊர்கள் வாழ்கின்றன. ஆறு வற்றாமல் இருக்கலாம். கால்வாய் ஆண்டில் சில மாதம் திட்டமிட்டே அடைக்கப்படுகிறது. ஆற்றை மனத்தில் வைத்து வகுத்த எண், கால்வாய்க்கு அப்படியே பொருந்தாது.

வியப்பான செய்தி, 1974ஆம் ஆண்டின் சட்டம் இதை அறிந்திருந்தது என்பது. மாநில வாரியத்தின் கடமைகளைச் சொல்லும் 17ஆம் பிரிவில், குறிப்பிட்ட ஓர் ஓடையில் விடப்படும் கழிவுநீருக்கான தரத்தை, அந்த ஓடையில் மழையில்லாக் காலத்தில் கிடைக்கும் குறைந்தபட்ச நீர்க்கலப்பையும், கழிவு கலந்த பிறகு அந்தத் தண்ணீர் தாங்கக்கூடிய மாசின் அளவையும் கணக்கில் கொண்டு வகுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆலையின் குழாயிலிருந்து தொடங்காமல் கோடைக் கால்வாயிலிருந்து தொடங்கிக் கணக்குப் போடு என்கிறது அது. ஏழு ஆண்டுகள் அந்தத் துறையில் இருந்தும் அந்த வாக்கியத்தை நான் படித்ததில்லை. எங்கள் இசைவாணையில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண்தான் இருந்தது. சித்திரைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று இருக்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் அதிகாரிக்கும் எளிது, ஆலைக்கும் எளிது என்பது புரிகிறது. கோடையில் கழிவுநீரைத் தேக்கி வைக்க ஏக்கர் கணக்கில் தொட்டி வெட்டுவது செலவான வேலை என்பதும் புரிகிறது.

கால்வாயில் விடாமல் நிலத்தில் பாய்ச்சுவது ஒரு வழி. அதற்கு விதி தளர்வானது: பி.ஓ.டி. 100 வரை போகலாம். புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அந்தப் பெரிய அரசு நிறுவனம், சுத்திகரித்த தண்ணீரை விவசாயிகளின் சங்கம் ஒன்றின் வழியாகச் சுற்றுப்புற நிலங்களுக்கு ஏற்றுப் பாசனமாகக் கொடுத்துவருகிறது. வழி நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு கண் வேண்டும். காகித ஆலைத் தண்ணீரில் சோடியம் அதிகம். அது களிமண்ணில் சேரச் சேர மண்ணின் கண்கள் அடைபட்டுப்போய், மேலே தண்ணீர் நிற்கும், கீழே வேர் காய்ந்திருக்கும். அதற்காகவே, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிடச் சோடியம் எவ்வளவு என்று காட்டும் சோடியம் பரப்புறிஞ்சு விகிதம் 26ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். செம்மண் தேரிக்கும் ஆற்றோரக் களிமண்ணுக்கும் அந்த ஒரே எண் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

தண்ணீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொள்ளும் கழிவுத்தாள் ஆலைகளும் இப்போது உண்டு. அங்கே தண்ணீர்ப் பிரச்சினை குறைந்து வேறொன்று கூடியிருக்கிறது. பழைய அட்டையோடு வரும் பிளாஸ்டிக் ஒட்டுநாடாவும் கம்பியும் உறையும் கூழாக்கும் தொட்டியில் சுழன்று சுழன்று, தொடை தடிமனுக்கு ஒரு கயிறாக முறுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆலை முற்றத்தில் மலைப்பாம்பைப் போல அது கிடப்பதைப் பார்த்தவர்கள், கழிவுத்தாள் என்றாலே பசுமை என்று பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள். அதை முறையான சிமெண்ட் சூளைக்கு அனுப்பலாம். இரவில் கொதிகலனுக்குள்ளும் தள்ளலாம். ஆனால் அது காற்றுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

காகிதக் கூழ் ஆலையை எதிர்த்து மக்கள் போராடியதற்கு நமக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. கேரளத்தில் சாலியாற்றின் கரையில் மாவூரில் இருந்த கிராசிம் நிறுவனத்தின் கூழ் ஆலைக்கு, காட்டு மூங்கிலை டன்னுக்கு ஒரு ரூபாய்க்குக் கொடுப்பதாக அரசு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆறு கெட்டதை எதிர்த்து வாழக்காடு ஊராட்சித் தலைவர் கே.ஏ. ரகுமான் நீண்ட காலம் போராடினார்; 1999ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். ஆலை அதற்குப் பிறகுதான் மூடப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லும்போது வேலை இழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆலையை மூடுவது எனக்கு உவப்பான முடிவு இல்லை. அந்த மூத்த ஆபரேட்டரின் இரண்டு பெண்களின் கல்யாணமும் ஆலைச் சம்பளத்தில்தான் நடந்தது. கேட்பதெல்லாம் சித்திரைக்கு ஒரு தனி எண்.

தண்டனையைப் பொறுத்தவரை, சட்டம் இப்போது வேறு திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வாரியத்துக்கு ஆலையை மூடவும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் அதிகாரம் தந்தது. அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம் என்றது. 2024ஆம் ஆண்டுத் திருத்தமோ பல குற்றங்களுக்குச் சிறைத்தண்டனையை நீக்கி, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறது. தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் வந்தது அது. மற்ற மாநிலங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஏற்கலாம். சிறை என்ற பயம் இருந்த காலத்திலும் எங்கள் ஆலையில் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மின்சாரம் துண்டிப்பு என்ற சொல்லைக் கேட்டால் மேலாளர் எழுந்து நின்றுவிடுவார். அதை வைத்துச் சொல்கிறேன்: அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம், நின்றுபோன இயந்திரத்தை எழுத முடியாது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 25ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. இசைவாணையின் நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். அந்தக் கழிவு வாயிலால் பாதிக்கப்படும் எவரும் நியாயமான நேரத்தில் வந்து அதைப் பார்க்கலாம். விவசாயி இரண்டாம் முறை வந்தபோது இதைச் சொன்னேன். "நம்மள உள்ள விடுவாவளா?" என்றார். அடுத்த வாரம் இருவருமாகப் போனோம். விட்டார்கள், உட்கார நாற்காலியும் கொடுத்தார்கள். நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தோம், வந்தது. நான் எதிர்பார்த்தபடியே பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண். அவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "கால்வாய் அடைக்குற தேதி இதுல எங்கயும் இல்லியே" என்றார். சட்டப் பிரிவு எதையும் படிக்காமல் 17ஆம் பிரிவின் அந்த வாக்கியத்துக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

ஆகவே, ஆலை சட்டத்தை மீறுகிறது என்ற மனுவைக் கைவிட்டோம். கால்வாய் அடைக்கப்படும் மாதங்களுக்குத் தனி எண் வேண்டும், அந்த மாதங்களில் கழிவுநீரைத் தேக்கி வைக்கவோ திரும்பப் பயன்படுத்தவோ ஆலைக்கு நிபந்தனை விதிக்க வேண்டும் என்று வேறொரு மனுவை எழுதத் தொடங்கினோம். அதற்கு என் 22 மட்டும் போதாது என்று பட்டது. அவரிடம் சொன்னேன்.

ஐப்பசியில் மறுபடி வந்தார். இந்த முறை நான் கொடுத்தனுப்பியிருந்த கண்ணாடிப் பாட்டில், ஈரச் சாக்கில் ஐஸோடு சுற்றி. அதே மடை, அதே விடியற்காலம். தண்ணீர் சற்றே கலங்கிய செந்நிறம், மலைத்தண்ணீரின் நிறம். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது 1.8. இடையில் ஆலையில் ஒன்றும் மாறவில்லை என்று அவரே சொன்னார். ராத்திரி அதே வாடைதான், தண்ணீர்தான் அதை அடித்துக்கொண்டு போகிறதாம்.

இரண்டு முடிவுகளையும் ஒரே தாளில், மேலும் கீழுமாக அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் முன் அவர் நிறுத்தி, "தம்பி, ரெண்டுக்கும் எதிர்ல தலமதகு அடச்சிருந்துச்சா தொறந்திருந்துச்சான்னு ஒரு வரி சேத்து எழுதிருங்க" என்றார். சேர்த்து எழுதினேன்.